பழைய டோட்டல் ஸ்டேஷனிலிருந்து டேட்டா இறங்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இருபது வருடம் தாண்டிய டோட்டல் ஸ்டேஷன்கள் (கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் நில அளவைக் கருவிகள்) இன்னும் சைட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. லைக்கா டிபிஎஸ்400, டாப்கான் ஜிடிஎஸ்-230, சொக்கியா செட், நிகான் டிடிஎம் என எதுவானாலும், கேலிபரேஷன் பார்த்து வைத்திருந்தால் கோணமும் தூரமும் இன்றைக்கும் நம்பும்படி தரும். மாட்டிக்கொள்வது சாயங்காலம், ஜாபை, அதாவது அளந்து சேமித்த பாயிண்டுகளை, கணினியில் இறக்கும் நேரத்தில். கருவியில் இருப்பது ஆர்எஸ்-232 சீரியல் போர்ட். லேப்டாப்பில் அந்த போர்ட் ஒழிந்து பல வருடம் ஆகிறது. நடுவில் ஒரு யுஎஸ்பி மாற்றி, ஒரு கேபிள், நாலைந்து செட்டிங்.

பலரும் முதலில் கை வைப்பது பாட் ரேட்டில், அதாவது டேட்டா போகும் வேகத்தில். அது கடைசியாகத் தொட வேண்டியது. வயரிங் தப்பாக இருந்தால் எந்த பாட் ரேட்டிலும் ஒரு எழுத்துகூட வராது. வயரிங் சரியாக இருந்து செட்டிங் தப்பாக இருந்தால், குறைந்தது குப்பையாவது வரும். அதனால் திரை காலியாக இருப்பது ஒரு நோய், குப்பை கொட்டுவது வேறொரு நோய். கருவி எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கீழே உரிய பகுதிக்குப் போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு ஜெம் கிளிப், ஒரு நல் மோடம் அடாப்டர் (பேசும் வயரையும் கேட்கும் வயரையும் இடம் மாற்றுவது), டெரா டெர்ம் அல்லது புட்டி மாதிரி ஒரு டெர்மினல் நிரல். புட்டி என்றால் ஒரு எச்சரிக்கை: சீரியல் பக்கத்தில் ஃப்ளோ கன்ட்ரோல் (அனுப்புவதை நிறுத்தவும் தொடரவும் சொல்லும் முறை) தானாகவே எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்றுதான் இருக்கும். அதை முதலில் "நன்" என்று மாற்றுங்கள். ஏன் என்பது பின்னால் வரும். கம்பெனி கொடுத்த டவுன்லோடு மென்பொருளை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். அது "கம்யூனிகேஷன் எரர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். டெர்மினல் வந்ததை வந்தபடி காட்டும்.

கணினியில் போர்ட்டே தெரியவில்லை, அல்லது மஞ்சள் முக்கோணம்

யுஎஸ்பி மாற்றியைச் செருகி டிவைஸ் மேனேஜரில் "போர்ட்ஸ்" பகுதியைத் திறங்கள். காம்3, காம்7 என்று ஏதாவது ஒரு எண் வர வேண்டும். மஞ்சள் முக்கோணமும் கோடு 10 பிழையும் வந்தால், பெரும்பாலும் அது ப்ராலிஃபிக் பிஎல்2303 சிப்பின் பழைய வகை அல்லது போலி. 2012இலேயே நிறுத்தப்பட்ட சிப் என்று சில நேரம் டிவைஸ் பெயரிலேயே எழுதி வரும். பழைய டிரைவரைத் தேடிப் போட்டால் சில நாள் ஓடும். விண்டோஸ் அப்டேட் வந்ததும் திரும்பப் புதிய டிரைவர் ஏறி மறுபடி நிற்கும். அதோடு மல்லுக்கட்டுவதைவிட வேறு மாற்றி வாங்குவது மேல்.

எஃப்டிடிஐ சிப் நம்பகமானது, ஆனால் அதிலும் போலி உண்டு. டெர்மினலில் கருவியின் டேட்டாவுக்குப் பதிலாக "நான் ஜென்யூன் டிவைஸ் ஃபவுண்ட்" என்று ஆங்கிலத்தில் வரி வந்தால் அது கருவி சொல்வது அல்ல. போலிச் சிப்பைக் கண்டுபிடித்த டிரைவர் 2016 முதல் அப்படி எழுதுகிறது. சிஎச்340 சிப் இந்த வேலைக்குப் போதுமானது.

போர்ட் வருகிறது, ஆனால் பழைய மென்பொருளின் பட்டியலில் காம்1 முதல் காம்4 வரைதான் இருக்கிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் ப்ராப்பர்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் எண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். எண்ணுக்குப் பக்கத்தில் "இன் யூஸ்" என்று இருப்பது, எப்போதோ செருகிய வேறொரு மாற்றியின் மிச்சமாக இருக்கலாம். வியூ மெனுவில் மறைந்த டிவைஸ்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரிகிறவற்றை நீக்கினால் எண் விடுபடும்.

போர்ட் இருக்கிறது, ஒரு எழுத்துகூட வரவில்லை

நேரத்தை அதிகம் தின்பது இதுதான். மூன்று சோதனை; வரிசை மாற்றாதீர்கள்.

முதல் சோதனை, கணினிப் பக்கம் மட்டும். கருவிக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மாற்றியின் ஒன்பது ஊசி முனையில் 2ஆம் ஊசியையும் 3ஆம் ஊசியையும் ஜெம் கிளிப்பால் இணையுங்கள். ஆண் முனையில் ஊசிகளை நேராகப் பார்த்தால் மேல் வரிசையில் ஐந்து, இடமிருந்து 1, 2, 3, 4, 5. டெர்மினலில் லோக்கல் எக்கோ (தட்டிய எழுத்தை டெர்மினல் தானே திரையில் காட்டுவது) அணைந்திருக்கட்டும். இப்போது தட்டும் எழுத்து திரையில் வந்தால் மாற்றி, டிரைவர், போர்ட் எண் எல்லாம் சரி. கிளிப்பை எடுத்ததும் எழுத்து நிற்க வேண்டும். கிளிப்பை எடுத்த பிறகும் வந்தால் அது லோக்கல் எக்கோதான், சோதனை செல்லாது.

இரண்டாவது, மின்னழுத்தம். ஆர்எஸ்-232இல் பேசாமல் சும்மா இருக்கும் அனுப்பும் வயர் மைனஸில் நிற்கும். மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை "1", பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை "0". மல்டிமீட்டரை டிசியில் வைத்து, கருப்பு முள்ளை 5ஆம் ஊசியிலும் சிவப்பை மாற்றியின் 3ஆம் ஊசியிலும் தொடுங்கள். மைனஸ் 5க்கும் மைனஸ் 12க்கும் இடையில் வர வேண்டும். மலிவான சில மாற்றிகளில் மைனஸ் வருவதே இல்லை, பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அவை சில கருவிகளோடு ஓடும், சிலவற்றோடு ஓடாது. "நேற்று அந்தக் கருவியில் நன்றாக வேலை செய்ததே" என்ற குழப்பத்துக்குப் பல முறை இதுதான் காரணம்.

மூன்றாவது, கருவிப் பக்கம். கேபிளைக் கருவியில் மாட்டி, கருவியை ஆன் செய்து, கணினியில் மாட்டாமல் விட்ட ஒன்பது துளை முனையை அளங்கள். கருப்பு 5இல், சிவப்பு 2இல். மைனஸ் வந்தால் கருவி 2ஆம் வயரில் பேசுகிறது. கணினி கேட்பதும் 2இல்தான். கேபிள் சரி. மைனஸ் 2இல் இல்லாமல் 3இல் வந்தால் வயர்கள் குறுக்காகப் போயிருக்கின்றன. நல் மோடம் அடாப்டர் ஒன்றைச் செருகினால் தீரும். ஏற்கெனவே ஒரு அடாப்டர் செருகியிருந்தால் அதை எடுங்கள். இரண்டு குறுக்கு சேர்ந்தால் நேராகிவிடும், ஆண்-பெண் மாற்றி என்று விற்கிற சிலவற்றுக்குள்ளும் குறுக்கு வயரிங் ஒளிந்திருக்கும். இரண்டிலுமே பூஜ்யம் என்றால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது கருவியின் போர்ட் போய்விட்டது. எல்லாம் கோர்த்த நிலையில் 2, 3 இரண்டிலும் மைனஸ் இருந்தால் வயரிங்கைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம்.

கேபிளைப் புதிதாகச் சால்டர் செய்பவர்களுக்கு: லைக்காவின் ஐந்து ஊசி லீமோ பிளக்கில் 1 வெளி பேட்டரி, 2 காலி, 3 கிரவுண்ட், 4 கருவி கேட்பது, 5 கருவி பேசுவது. ஆகவே லீமோ 5 கணினிப் பக்கம் 2க்கு, 4 அங்கே 3க்கு, 3 அங்கே 5க்கு. 1ஆம் ஊசியில் 12 வோல்ட் வந்து போகும் வழி; அதன் பக்கம் ஈயம் வழிந்துவிடக் கூடாது. சொக்கியாவிலும் டாப்கானிலும் ஆறு ஊசி ஹிரோசே பிளக்: 1 கிரவுண்ட், 3 பேசுவது, 4 கேட்பது. நிகான் டிடிஎம்மிலும் அதே ஆறு ஊசி பிளக்தான், மாட்டினால் அழகாக உட்காரும். ஆனால் அதில் 1 கேட்பது, 2 பேசுவது, 3 வெளி மின்சாரம், 4 கிரவுண்ட். டாப்கான் கேபிளை நிகானில் மாட்டினால் கிரவுண்டே வேறு இடத்தில் போய் நிற்கும். பல கருவிகள் இருக்கும் ஆபீஸில் ஒவ்வொரு கேபிளிலும் பெயர் ஒட்டாமல் வைக்கவே கூடாது. இன்னொன்று: ஊசி எண்கள் முன்பக்கம் பார்க்கும்போது ஒரு திசையிலும் சால்டர் பக்கம் பார்க்கும்போது எதிர்த்திசையிலும் போகும். பிளக்கின் உள்ளே பொடியாக எண் அச்சிட்டிருந்தால் லென்ஸ் வைத்து அதையே பாருங்கள்.

லீமோவையும் ஹிரோசேவையும் திருகக் கூடாது. குறி பார்த்து நேராக அழுத்த வேண்டும், கழற்றும்போது சட்டையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகியதால் வளைந்த ஊசிதான் பாதி "செத்த போர்ட்".

ஆர்டுயினோவுக்கு விற்கும் சிறிய யுஎஸ்பி சீரியல் பலகைகளை நேரடியாக மாட்டுவது வேண்டாம். அவை 3.3 அல்லது 5 வோல்ட்டில் தலைகீழ் தர்க்கத்தில் ஓடுபவை. கருவியின் மைனஸ் மின்னழுத்தம் அந்தச் சிப்பைக் கொல்லும். நடுவில் மேக்ஸ்3232 மாதிரி மின்னழுத்தம் மாற்றும் ஒரு சிப் கட்டாயம்.

எழுத்து வருகிறது, ஆனால் குப்பை

நல்ல செய்தி இது. வயரிங் முடிந்தது. இனி குப்பையை உற்றுப் பாருங்கள், எந்த செட்டிங் தப்பு என்று அதுவே சொல்லும்.

எண்களில் 0, 3, 5, 6, 9 மட்டும் ஒழுங்காக இருந்து, 1, 2, 4, 7, 8 இருக்க வேண்டிய இடத்தில் ±, ², ´, ·, ¸ என்று குறிகள் வருகின்றனவா? பாட் ரேட் சரியாகவே இருக்கிறது. கருவி 7 பிட், ஈவன் பாரிட்டியில் அனுப்புகிறது. நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லாமல் கேட்கிறீர்கள். ஈவன் பாரிட்டி என்பது ஒவ்வொரு எழுத்திலும் "1"களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்படி எட்டாவது பிட்டை நிரப்புவது. 3 என்ற எழுத்தில் ஏற்கெனவே நான்கு "1" இருக்கிறது, எட்டாவது பிட் பூஜ்யமாகவே நிற்கிறது, எழுத்து தப்பிக்கிறது. 1 என்ற எழுத்தில் மூன்று. எட்டாவது பிட் ஏறுகிறது, கணினி அதையும் எழுத்தின் பகுதியாக எடுத்துக்கொண்டு ± காட்டுகிறது. டெர்மினலில் எழுத்துத் தொகுப்பு யுடிஎஃப்-8 என்று இருந்தால் இந்தக் குறிகளுக்குப் பதில் ஒரே மாதிரி கேள்விக்குறிப் பெட்டிகள் வரும். எந்த எண் தப்பித்தது என்று பார்த்தால் விடை அதேதான். டெர்மினலை 7 பிட், ஈவன் பாரிட்டி, 1 ஸ்டாப் பிட் என்று மாற்றுங்கள்.

இதன் மறுபக்கம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அதனால் ஆபத்து அதிகம். கருவி 8 பிட், பாரிட்டி இல்லாமல் அனுப்ப, கணினி 7 ஈவனில் கேட்டால் அதே 1, 2, 4, 7, 8 பாரிட்டி பிழையில் மாட்டும். சில நிரல்கள் அவற்றை விழுங்கிவிடும், சில கேள்விக்குறி போடும். 1247 என்ற பாயிண்ட் எண் காணாமலே போவது இப்படித்தான்.

குறிப்பிட்ட எண்கள் தப்பிக்காமல் மொத்தமும் குப்பை என்றால் பாட் ரேட். ஒரே பாயிண்டை இரண்டு மூன்று முறை அனுப்பி, வரும் எழுத்துகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்தால் கணினி வேகமாகக் கேட்கிறது. குறைவாக வந்தால் கணினி மெதுவாகக் கேட்கிறது. 1200, 2400, 4800, 9600, 19200 என்ற வரிசையில், வேகமாகக் கேட்டால் கீழேயும் மெதுவாகக் கேட்டால் மேலேயும் நகருங்கள். ஊகிக்காமல் கருவியிலேயே பார்ப்பது இன்னும் சுலபம். டாப்கான் ஜிடிஎஸ் வகைகளில் மெமரி மேனேஜர், டேட்டா டிரான்ஸ்ஃபர், காம் பாராமீட்டர்ஸ் என்று போனால் நெறிமுறை (புரோட்டோகால்), பாட் ரேட், எழுத்து/பாரிட்டி, ஸ்டாப் பிட் வரிசையாக இருக்கும். லைக்கா டிபிஎஸ்400இல் கம்பெனி செட்டிங் 19200, 8, பாரிட்டி இல்லை, 1. அதை யாராவது மாற்றியிருக்கவும் கூடும், திரையில் இருப்பதையே நம்புங்கள்.

எல்லாம் சரி, வரிகள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன, அல்லது படிக்கட்டு மாதிரி சரிகின்றன என்றால், வரி முடிவுக் குறி தப்பு. கருவியில் சிஆர்/எல்எஃப் (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு, அடுத்த வரிக்கு இறங்கு) இரண்டும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது மட்டும் அங்கங்கே எழுத்து கெடுகிறதா? எர்த் இல்லாத பிளக்கில் ஓடும் சார்ஜரின் கசிவு மின்சாரம் கேபிளின் கிரவுண்ட் வழியாகக் கருவிக்குப் போகிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் இறக்குங்கள். கருவியையும் அந்த நேரத்தில் சார்ஜில் போட வேண்டாம்.

முதல் வரியே திரும்பத் திரும்ப வந்து நின்றுவிடுகிறது

கருவி பதிலுக்குக் காத்திருக்கிறது. டாப்கானில் நெறிமுறை ஏசிகே/நாக் என்று இருந்தால், ஒவ்வொரு தொகுதிக்கும் "கிடைத்தது" என்று கணினி பதில் சொல்ல வேண்டும். டெர்மினல் அதைச் சொல்லாது. கருவி அதே வரியை மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். "ஒன் வே" என்று மாற்றினால் ஒழுகியபடி வரும். லைக்காவின் சொந்த டேட்டா வடிவமான ஜிஎஸ்ஐயின் நெறிமுறையில் எதிர்பார்க்கும் பதில் ஒரு கேள்விக்குறி. ஒரே ஒரு வரி வந்து நின்றால், கேள்விக்குறி தட்டி என்டர் கொடுத்துப் பாருங்கள். அடுத்த வரி வந்தால் நோய் பிடிபட்டது, நெறிமுறையை அணைத்துவிடுங்கள். பிறகு கம்பெனி மென்பொருளில் இறக்குவதானால் திரும்பப் போட மறக்கக் கூடாது. அது பதில் சொல்லும் முறையைத்தான் எதிர்பார்க்கும்.

பாதியில் நிற்கிறது, நடுவில் வரிகள் விடுபடுகின்றன

நின்றுவிட்டது என்று முடிவு கட்டும் முன் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். 1200 பாடில் வினாடிக்கு 120 எழுத்து. ஒரு பாயிண்டுக்கு 60 எழுத்து என்றால் 2000 பாயிண்ட் இறங்க 1000 வினாடி, கிட்டத்தட்ட 17 நிமிடம். அதற்குள் கருவியின் ஆட்டோ பவர் ஆஃப் வேலை செய்துவிட்டால் பாதியில் அறும். அதை அணைத்து, நிறைந்த பேட்டரி போட்டு ஆரம்பியுங்கள்.

வரிகள் விடுபட்டால் வேகத்தைக் குறையுங்கள். லேப்டாப் தூங்கப் போகாமல் பவர் செட்டிங்கைப் பாருங்கள், யுஎஸ்பி ஹப் வழியாக மாட்டாதீர்கள். ஸ்கிரீனில் ஓடுவதை காப்பி பேஸ்ட் செய்யாமல், டெர்மினலின் லாகிங்கை அனுப்பும் முன்பே திறந்துவைத்துக் கோப்பாகப் பிடியுங்கள். நீளமான ஜாபில் மேலே போன வரிகளை டெர்மினல் மறந்துவிடும்.

கருவி பேசுகிறது, கணினி சொல்வதைக் கேட்க மறுக்கிறது

பாயிண்டுகளைக் கருவிக்கு ஏற்றும்போதோ, கட்டளை கொடுத்து அளவெடுக்கும்போதோ வருவது. இரண்டு காரணம்.

ஒன்று, மென்பொருள் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் சைகைக்காக ("அனுப்பலாமா", "அனுப்பு" என்று தனி வயர்களில் போவது) காத்திருக்கிறது. கருவிக் கேபிளில் இருப்பது மூன்றே வயர், அந்தச் சைகை எங்கிருந்தும் வராது. மென்பொருளில் அணைக்க வழியில்லை என்றால், கணினிப் பக்க பிளக்கில் 7ஐயும் 8ஐயும் ஒன்றாகவும், 1, 4, 6 மூன்றையும் ஒன்றாகவும் சால்டர் செய்துவிடுங்கள். கணினி தன் கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொள்ளும்.

மற்றது எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப். இந்த முறையில் ஹெக்ஸ் 11 "அனுப்பு", ஹெக்ஸ் 13 "நிறுத்து". பழைய சொக்கியா செட் கருவிகளோ, தூரம் அளக்கும் கட்டளையாகவும் கோணம் கேட்கும் கட்டளையாகவும் இதே இரண்டு எழுத்துகளைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரே எழுத்துக்கு இரண்டு அர்த்தம் ஆகிவிடுகிறது. ஆகவே இந்தக் கருவிகளைக் கட்டளை கொடுத்து ஓட்டும்போது ஃப்ளோ கன்ட்ரோல் இரு பக்கமும் அணைந்திருக்க வேண்டும். புட்டியின் செட்டிங்கை முதலிலேயே மாற்றச் சொன்னது இதற்காக.

எண்கள் சுத்தமாக வந்தன, வரைபடம் தப்பு

லைக்கா ஜிஎஸ்ஐ கோப்பில் ஒரு வரி இப்படி இருக்கும்:

110001+00000101 21.324+17920260 31..00+00034567

ஒவ்வொரு சொல்லிலும் முதல் இரண்டு இலக்கம் அது என்ன அளவு என்று சொல்கிறது. 11 பாயிண்ட் எண், 21 கிடைக்கோணம், 31 சாய்தூரம். கூட்டல் குறிக்கு முந்திய ஆறாவது இலக்கம்தான் அலகு. அங்கே 4 இருப்பதால் கோணம் 179 பாகை 20 கலை 26.0 விகலை. அதே இடத்தில் 3 இருந்தால் தசமப் பாகை, 2 இருந்தால் கான் (முழு வட்டம் 400). தூரத்தில் 0 என்றால் கடைசி இலக்கம் மில்லிமீட்டர், ஆகவே 34.567 மீட்டர். 6 என்று இருந்தால் கடைசி இலக்கம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று. இதைக் கவனிக்காத மாற்று நிரல் எல்லா தூரத்தையும் பத்து மடங்காக்கும். 1 என்றால் அடி.

வரிகள் நட்சத்திரக் குறியோடு தொடங்கினால் அது ஜிஎஸ்ஐ-16. ஜிஎஸ்ஐ-8 மட்டுமே தெரிந்த நிரல் அதைப் படிக்காது. அதற்காக 8க்கு மாற்றும் முன் யோசியுங்கள்: எட்டு இலக்கத்தில் மில்லிமீட்டர் வரை எழுதினால் 99,999.999 மீட்டருக்கு மேல் இடமில்லை. உள்ளூர் ஆயத்தொலைவில் 1000, 1000 என்று தொடங்கிய வேலைக்குப் போதும். யுடிஎம் (உலகம் முழுவதற்குமான வரைபட முறை) ஆயத்தொலைவு அதில் அடங்காது.

வரைபடம் கண்ணாடியில் பார்த்த மாதிரி புரண்டு கிடந்தால் கிழக்கும் வடக்கும் இடம் மாறிவிட்டன. ஜிஎஸ்ஐயில் 81 கிழக்கு, 82 வடக்கு, 83 உயரம். கமாவால் பிரித்த கோப்புகளில் வடக்கு முதலில் வருவதும் உண்டு, கிழக்கு முதலில் வருவதும் உண்டு. தெரிந்த ஒரு பாயிண்டை வைத்துப் பார்த்துவிட்டு இறக்குமதி வரிசையைத் தேர்ந்தெடுங்கள்.

பழைய டவுன்லோடு மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்கிறது

64 பிட் விண்டோஸில் டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் ஓடாது. டாஸ்பாக்ஸில் ஓட்டலாம்; அதன் செட்டிங் கோப்பில் முதல் சீரியல் போர்ட்டை "டைரக்ட்சீரியல்" என்று வைத்து, உண்மையான காம் எண்ணைக் கொடுத்தால் உள்ளிருக்கும் நிரலுக்கு அது காம்1 ஆகத் தெரியும். கோப்பு மட்டும்தான் தேவை என்றால் டெர்மினலில் பிடித்ததே போதும்.

கருவியில் ஜாபை அழிக்கும் முன்

கருவி காட்டும் பாயிண்ட் எண்ணிக்கையும் கோப்பில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா பாருங்கள். முதல் பாயிண்ட், கடைசி பாயிண்ட், நடுவில் ஏதாவது மூன்று. இந்த ஐந்தையும் கருவித் திரையில் திறந்து கோப்போடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். அந்த ஐந்தில் 1, 2, 4, 7, 8 இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். கோப்பை இரண்டு இடத்தில் சேமித்து, கேபிளில் ஒட்டிய சீட்டில் ஓடிய பாட் ரேட், பிட், பாரிட்டி, நெறிமுறை நான்கையும் எழுதிவிட்டு, பிறகு அழியுங்கள்.